கூடு யாருடையது?
'மாயவன்' படத்தை முன்வைத்து

தமிழில் விஞ்ஞானப் படம் என்று சொல்லிக்கொண்டு வருகிற பலவற்றில் விஞ்ஞானம் கதாநாயகனுக்கு மாட்டிவிடுகிற இன்னொரு சட்டைதான். நீல வெளிச்சம், கண்ணாடிக் குடுவை, வெள்ளைக் கோட்டு, வாயில் நுழையாத நாலு இங்கிலீஷ் வார்த்தை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே பழிவாங்கல், அதே டூயட். 2017 டிசம்பரில் வந்த 'மாயவன்' அப்படிப்பட்ட படமில்லை. ஒரு விஞ்ஞானக் கருத்தை எடுத்து அதையே கொலைக்கதையின் முடிச்சாக ஆக்கியிருக்கிறது. கருத்தை உருவிவிட்டால் கதை நிற்காது. அதனாலேயே இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மோசமான படத்தை மோசம் என்று சொல்வதற்கு நம் பக்கங்களைச் செலவழிக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு பிரதி எதைப் பேசாமல் விடுகிறது, அந்த மௌனம் யாருக்கு வசதி என்று பார்ப்பதுதான் தலித் வாசிப்புக்கு உரிய வேலை என்று நினைக்கிறேன்.

படத்தை இயக்கியவர் சி.வி. குமார். இயக்குநராக அவருக்கு இது முதல் படம். தயாரிப்பாளராக 'அட்டகத்தி' (2012), 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013), 'இன்று நேற்று நாளை' (2015) ஆகியவற்றைக் கொண்டுவந்தவர். எழுத்தில் நலன் குமாரசாமியின் பங்கு உண்டு. இசை ஜிப்ரான். சந்தீப் கிஷன் போலீஸ் அதிகாரி குமரன், லாவண்யா திரிபாதி மனநல மருத்துவர், 2024-இல் மறைந்த டேனியல் பாலாஜி தன்னம்பிக்கைப் பேச்சாளர். இந்தப் பட்டியலில் 'அட்டகத்தி'யை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்கிறேன். பா. இரஞ்சித்தின் முதல் படம் அது. பஸ் படிக்கட்டில் தொங்குகிற, கானா பாடுகிற, காதலில் தோற்றுத் தோற்றுச் சிரிக்கிற புறநகர் உடம்புகளைத் திரைக்குக் கொண்டுவந்த படம். அதற்குக் காசு போட்டவர் தானே ஒரு படம் எடுக்கும்போது உடம்பையே கதைப்பொருளாக எடுத்திருக்கிறார். அவரிடம் கூடுதலாகக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கதை ஒரு துரத்தலில் தொடங்குகிறது. கொலைகாரன் ஒருவனை விரட்டிப்போன குமரன் சாவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். கொலைகாரன் செத்துப்போகிறான். வழக்கு முடிந்தது என்று நினைக்கும்போது அதே பாணியில் இன்னொரு கொலை. செய்தவன் வேறு ஆள். முன்பின் தெரியாத ஆட்கள் எப்படி ஒரே கைப்பழக்கத்தோடு கொலை செய்கிறார்கள்? முடிச்சு அவிழும்போது ஒரு நரம்பியல் விஞ்ஞானி நிற்கிறான். ஒருத்தருடைய நினைவையும் ஆளுமையையும் மூளையிலிருந்து படியெடுத்து இன்னொரு மூளையில் பதிக்க அவன் வழி கண்டுபிடித்திருக்கிறான். உடம்புகள் மாறுகின்றன, உள்ளே இருப்பவன் அவன் ஒருத்தன்தான். சாகாமல் இருக்க அவனுக்கு உடம்புகள் வேண்டும்.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, துப்பறிதல் நேர்மையாக நடக்கிறது. குமரனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அவன் குழம்புகிற இடத்தில் நாமும் குழம்புகிறோம். முதல் பாதி முழுக்க இந்தக் கயிறு தளரவில்லை.

இரண்டு, படத்தில் பேய் இல்லை, சாமி இல்லை, மறுபிறவி இல்லை. ஒரு ஆள் வேறு ஆளாக மாறுவதைக் காட்டத் தமிழ் சினிமாவுக்கு எப்போதும் மந்திரவாதி தேவைப்பட்டான். 'சந்திரமுகி'யில் (2005) மனநல மருத்துவரும் மந்திரவாதியும் கூட்டு சேர்ந்துதான் காரியத்தை முடிக்கிறார்கள். 'மாயவன்' அந்தக் கூட்டணிக்குப் போகவில்லை. நினைவு என்பது மூளையில் நடக்கிற ஒரு காரியம் என்ற நிலையில் கடைசிவரை நிற்கிறது. இதற்கு ஒரு நூலிழை ஆதாரமும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுசுமு தொனெகாவாவின் குழு, நடக்காத ஒன்று நடந்ததுபோல எலியின் மூளையில் ஒரு பொய்நினைவை உண்டாக்கிக் காட்டியது. அந்த எலியிலிருந்து சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட மனித மூளைக்குத் தாவுவது கற்பனைதான். ஆனால் விஞ்ஞானப் புனைவு தாவலாம். தாவுவதற்கு ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இங்கே இருக்கிறது.

மூன்றாவது பலம் நமக்கு முக்கியம். கொலைகாரன் என்றதும் கேமரா வியாசர்பாடிக்கோ காசிமேட்டுக்கோ ஓடுகிற வியாதி இந்தப் படத்தில் இல்லை. குற்றத்தின் வேர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. படித்தவன், அறிவாளி, மேதை எனப்பட்டவன்தான் கொல்கிறான். தமிழ்ப் படத்தில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

பலவீனங்களில் மேலோட்டமானவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டாம் பாதியில் விஞ்ஞானத்தைக் காட்டுவதைவிட வாயால் சொல்வது அதிகம். மனநல மருத்துவர் பாத்திரத்துக்குப் படிப்பு கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. கதாநாயகனைப் பற்றிக் கவலைப்படுவதே அவளுடைய தொழிலாகிவிட்டது. செத்துக் கிடக்கிற பெண்ணுடம்பு தடயமாக மட்டும் வந்துபோகிறது. எல்லாவற்றையும் போலீஸ்காரன் கண்ணாலேயே பார்க்கிறோம். ராத்திரியில் வேலை முடிந்து வரும் நம் பையன்களைச் சந்தேகக் கேஸில் ஜீப்பில் ஏற்றுகிற அந்தக் கண்ணுக்கு இவ்வளவு நம்பிக்கை கொடுக்க நம்மால் முடியாது. இவையெல்லாம் எந்தத் தமிழ் திரில்லரைப் பற்றியும் சொல்லக்கூடியவை. இந்தப் படத்துக்கே உரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது.

நூம்பலில் எங்கள் தெருவில் சாயங்காலம் படிக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளோடு இந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். முடிந்ததும் மெஷின் எப்படி வேலை செய்கிறது, இரண்டாம் பாகம் வருமா என்று பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அந்த உடம்புக்குள்ள முதல்ல இருந்தவன் இன்னா ஆனான்? அவன் ஊட்டாண்ட யாரும் அழலியா?"

படத்தில் இதற்குப் பதில் இல்லை. உள்ளே புகுந்தவனுக்குக் கதை உண்டு, லட்சியம் உண்டு, நியாயம் பேச நேரம் உண்டு. அழிக்கப்பட்டவனுக்கு எதுவும் இல்லை. ஒரு ஆள் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகிறான். பெண்டாட்டிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, அடக்கம் இல்லை, காரியம் இல்லை. அந்தச் சாவைப் படம் ஒரு சாவாகவே எண்ணவில்லை. கொலைப் பட்டியலில்கூட அவன் வரவில்லை. உடம்பை வெறும் கூடாக, காலியாக இருக்கும் வீடாகப் பார்க்கிற கருத்தியல்தான் இப்படி எண்ண வைக்கிறது. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல, நம் புராணங்களில் பழையது.

கூடு விட்டுக் கூடு பாய்தல் பற்றி நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். பெரியபுராணத்தில் வடக்கிலிருந்து வரும் யோகியார், சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடப்பதையும் பசுக்கள் சுற்றி நின்று கதறுவதையும் பார்க்கிறார். பசுக்களின் துக்கம் பொறுக்காமல் மூலன் உடம்புக்குள் நுழைகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வராத புருஷனைத் தேடிவந்த மூலன் மனைவி கிட்டே போகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகிவிடுகிறார். மாட்டின் கண்ணீருக்கு இரங்கியவர், அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு நிற்கவில்லை. அப்புறம் அவர் திருமூலர் ஆகிறார், திருமந்திரம் பிறக்கிறது. மூலன் மனைவி என்ன ஆனாள் என்பது சைவ இலக்கியத்துக்குத் தேவைப்படவில்லை. நர்சிங் மாணவியின் கேள்வி இந்தப் பழைய பிரதிக்கும் பொருந்தும்.

ஆதிசங்கரர் கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. காமசாஸ்திரம் அறிய ஒரு உடம்பு வேண்டியபோது அவர் புகுந்தது செத்துப்போன அமருக ராஜாவின் உடம்பில். அதே சங்கரர் காசியில் எதிரே வந்த சண்டாளனைப் பார்த்து விலகிப் போ என்கிறார். எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆன்மாவையா என்று சண்டாளன் கேட்கிறான். உடம்பு என்றால் உன்னுடையதும் சோற்றால் ஆனது, என்னுடையதும் சோற்றால் ஆனது. ஆன்மா என்றால் அது ஒன்றுதான் என்று நீயே சொல்கிறாய். அத்வைதத்தின் கழுத்தைப் பிடித்த கேள்வி இது. கதை என்ன செய்கிறது? வந்தது சண்டாளன் இல்லை, மாறுவேடத்தில் வந்த சிவன் என்று சொல்லிக் கேள்வியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு கதையையும் சேர்த்துப் பாருங்கள். புகுவதற்கு ராஜா உடம்பு, விலக்குவதற்குச் சண்டாளன் உடம்பு.

'மாயவன்' தடுக்கி விழுகிற இடம் இதுதான். எந்த மனசையும் எந்த உடம்பிலும் ஊற்றலாம், ஊற்றினால் வேலை முடிந்தது என்று படம் நம்புகிறது. சாதி சமூகத்தில் உடம்பு அப்படிக் காலியாக இல்லை. அதன்மேல் ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பன் தொழில் எல்லாம் எழுதியிருக்கிறது. படத்தின் விஞ்ஞானியை நான் கொஞ்சம் நூம்பலுக்குக் கூட்டிவருகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டி, வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்ட ஊர் இது. அவன் மனசை எங்கள் காலனிப் பையன் ஒருத்தனுடைய உடம்பில் பதிக்கட்டும். மறுநாள் காலையில் அந்த மகா மேதை வாடகைக்கு வீடு பார்க்கப் போகட்டும். முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால், நீங்க எந்த ஆளுங்க என்று கேட்பார்கள். நோபல் பரிசுக்குத் தகுதியான மூளையாக இருந்தாலும் சரி, வாய் திறந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றைக்குத் தெரியும் அவனுக்கு, உடம்பு மாறுவது என்றால் என்னவென்று.

இப்படி ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் போதும், படம் வேறு தளத்துக்குப் போயிருக்கும். வைக்கவில்லை. மேடையில் பேசுகிற, வசதி புழங்குகிற உடம்பைத்தான் மாயவன் தேடுகிறான். சேரி உடம்பில் சாகாவரம் வாங்கி அவன் என்ன செய்வான்?

ஆனால் அதே உடம்பைப் பாகம் பாகமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. அம்பத்தூருக்குக் கிழக்கே இருக்கிற வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர். கடனில் மூழ்கிய ஏழைகள், அதிலும் பெண்கள், அங்கே சிறுநீரகம் விற்றார்கள். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. வந்த பிறகும் வியாபாரம் இடம் மாறியதே தவிர நிற்கவில்லை. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் போன கதையைப் பத்திரிகையில் படித்தோம். உரிமை கோர ஆளில்லாத பிணங்கள் சட்டப்படி மருத்துவக் கல்லூரி மேசைக்குப் போகின்றன. ஆளில்லாமல் சாகிறவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு ஆயா என்னிடம் சொன்னது: "படிக்கிற புள்ளைங்க அறுத்துப் பாத்து டாக்டர் ஆயிடுங்க தம்பி. அத்த மூட்டை கட்டி எடுத்தாந்து வெக்கிறதும் நாங்கதான், அங்க கெடக்கிறதும் நாங்கதான்."

சினிமாவும் இதற்கு வெளியே இல்லை. 2020 பிப்ரவரி 19 அன்று இரவு பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2' வேலையின்போது கிரேன் சாய்ந்து 3 பேர் செத்தார்கள். திரையில் பறக்கிற எந்திரங்களுக்குக் கீழே கயிறு பிடிக்கிற, விளக்கு தூக்குகிற உடம்புகள் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் போகின்றன. ஆக, நம் உடம்பு கைகளாக, சிறுநீரகமாக, அறுத்துப் பார்க்கும் பிணமாக வேண்டும். முழு ஆளாகக் குடியேற மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இதே கருத்தை எடுத்துக்கொண்ட இன்னொரு படமும் அதே 2017-இல் வந்தது. ஜோர்டன் பீல் என்ற கறுப்பர் எழுதி இயக்கிய 'கெட் அவுட்'. மூலத் திரைக்கதைக்கு 2018-இல் ஆஸ்கார் வாங்கியது. அங்கே வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கறுப்பு இளைஞர்களை வலைபோட்டுப் பிடித்து, ஏலம் விட்டு, வயசான வெள்ளைக்காரர்களின் மூளையை அந்த உடம்புகளில் பொருத்துகிறது. உடம்புக்குச் சொந்தக்காரன் சாவதில்லை. உள்ளேயே ஒரு இருட்டுப் பள்ளத்தில் விழுந்து, தன் கை காலை இன்னொருத்தன் ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். வேலைக்காரியாக நிற்கிற கறுப்புப் பெண் சிரித்துக்கொண்டே பேசும்போது கண்ணிலிருந்து நீர் வழிகிறது. சிரிப்பு புகுந்தவளுடையது, கண்ணீர் உடம்புக்காரியுடையது. அந்த ஒரு முகத்தில் அடிமை முறையின் வரலாறு முழுக்க இருக்கிறது. பீலின் படத்தில் விஞ்ஞானம் 'மாயவன்' அளவுக்குக்கூட நம்பும்படியாக இல்லை. மூளையை வெட்டி ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அது பெரிய படமாகிறது. யார் உடம்பு, யார் மனசு என்ற கேள்வியை அது முதலில் கேட்டுவிட்டது. அமெரிக்காவில் நிறம் என்றால் இங்கே சாதி. நம் இயக்குநருக்கு அந்தக் கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

சட்டத்தின் பக்கமும் படம் ஒரு வாசலைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் வந்துவிடுகிறது. ஒருத்தன் மனசு இன்னொருத்தன் கையால் கொலை செய்தால் தண்டனை யாருக்கு? கைரேகை ஒருத்தனுடையது, எண்ணம் வேறொருத்தனுடையது. இதைக் கற்பனைச் சிக்கல் என்று நாம் தள்ள முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அதாவது மேல்சாதிப் பணக்காரன் மனசாக மட்டும் இருப்பவன், தீ வைக்க அவனுக்குக் கை கிடையாது. கையாக இருப்பவன் கூலிக்காரன். 'மாயவன்' கண்டுபிடித்த எந்திரத்தை இந்த நாட்டின் ஆண்டைகள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஏவியவன் மனசு, செய்தவன் உடம்பு, ஜெயிலுக்குப் போவது உடம்பு. போலீஸ் கதையாகவே இருந்தாலும் இந்த இடத்தில் குமரன் நின்று யோசித்திருக்கலாம்.

ஒரு உடம்பில் இன்னொருத்தர் வருவது நம்ம சனங்களுக்குப் புதுசு இல்லை. ஆடி மாசம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்கள் தெருவில் சாமி வரும். செத்துப்போன சின்னம்மா வருவாள், அடித்துக் கொல்லப்பட்டவன் வருவான், குறை சொல்வான், கேட்டதை வாங்கிக்கொள்வான். கற்பூரம் காட்டியதும் மலை ஏறிவிடுவான். வீட்டு வேலைக்குப் போகிற அக்கா கண்ணைத் திறந்து, தண்ணி கொடு என்று கேட்பாள். உடம்பு உடம்புக்காரியிடம் திரும்பி வந்துவிடும். இதை மூடநம்பிக்கை என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்குள் ஒரு அறம் இருக்கிறது. வருகிறவர் பேச வந்தவர், குடியேற வந்தவர் இல்லை. கடன் வாங்கிய உடம்பைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பரகாயப் பிரவேசத்தில் இந்த நிபந்தனை கிடையாது, 'மாயவன்' எந்திரத்திலும் கிடையாது. மேலிருந்து புகுகிறவன் எடுத்துக்கொள்கிறான், கீழே செத்தவர்கள் வந்து முறையிட்டுவிட்டுப் போகிறார்கள். பேயையும் சாமியையும் துரத்தியதற்காகப் படத்தைப் பாராட்டினேன். துரத்தும்போது இந்த அறத்தையும் சேர்த்துத் துரத்திவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சாதி மனசில் குடியிருக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அதை இந்தக் கதையோடு வைத்துப் பார்த்தால் இன்னொன்று தோன்றுகிறது. மனசைப் படியெடுத்தால் சாதியும் சேர்ந்து படியெடுக்கப்படும். ஆண்டை மனசைச் சேரி உடம்பில் பதித்தால் அது தன் கையாலேயே தண்ணீர் குடிக்கக் கூசும். தன் அம்மாவைத் தொடாது. கண்ணாடியைப் பார்த்து விலகிப் போ என்று சொல்லும். இதில் எழுதுவதற்குச் சிரிப்பும் இருக்கிறது, பயங்கரமும் இருக்கிறது. தமிழ் விஞ்ஞானப் புனைவில் இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

'மாயவன்' வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2016 ஜனவரி 17 அன்று, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உயிரை விட்டார். கார்ல் சேகனைப் போல விஞ்ஞான எழுத்தாளன் ஆக விரும்பியதாக அவர் கடிதத்தில் எழுதியிருந்தார். மனிதனை ஒரு மனசாக இங்கே நடத்தவே இல்லை, ஓட்டாகவும் எண்ணாகவும்தான் பார்த்தார்கள் என்பது அந்தக் கடிதத்தின் ஆதங்கம். உடம்பை உதறிவிட்டு மனசாக வாழ்வது மாயவனுக்குச் சாகாவரம். மனசு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வைக்கவே ரோகித் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளக்காத ஒரு விஞ்ஞானப் படம், எத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், இந்த மண்ணின் விஞ்ஞானப் படமாக முழுசாக ஆகவில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்காகப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முடிச்சுப் போடுவது, அவிழ்ப்பது, பார்வையாளனைக் கூடவே இழுத்துப்போவது என்று அதனிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. நம் எழுத்தாளர்கள் தன்வரலாறு எழுதினார்கள், நாவல் எழுதினார்கள், கவிதை எழுதினார்கள். விஞ்ஞானப் புனைவை மட்டும் ஏனோ அடுத்தவர் வீட்டுத் திண்ணை என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறோம். ரோகித் அப்படி நினைக்கவில்லை. நர்சிங் மாணவியிடம் நீ கேட்டதையே கதையாக எழுது என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே அழிக்கப்பட்டவன் பேசுவதாகவா, அவன் பெண்டாட்டி பேசுவதாகவா என்று கேட்டாள். பெண்டாட்டி பேசட்டும் என்றேன். மூலன் காலத்திலிருந்து அவளை யாரும் பேசவிடவில்லை.